முழு வாட்டர் டீம் எலக்ட்ரிக்கையும் கிராஸையும் கண்டா ஏன் கவுந்துருது, யாரை மாத்தினா நிக்கும்

உங்க கேள்வியை முதல்ல ஒருதடவை சுருக்கிடுறேன், புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியணும்ல. போக்கிமான் ஸ்கார்லெட் வயலட் தலைமுறைல, ஷோடவுன்ங்கிற ஆன்லைன் போட்டித் தளத்துல மோனோடைப், அதாவது ஆறு பேரும் ஒரே டைப்பா இருக்கணும்கிற முறை ஆடுறீங்க, டீம் முழுக்க வாட்டர். கியாரடாஸ், கிரெனிஞ்சா, வேப்போரியன், லாப்ரஸ், பிளாஸ்டாய்ஸ், பாராஸ்க்யூடா. ஃபயர், ராக், கிரவுண்ட் டீம் வந்தா ஈஸியா ஜெயிக்கிறீங்க, ஆனா எதிர்ல எலக்ட்ரிக்கோ கிராஸோ வந்தா பத்து டர்ன்ல மேட்ச் முடிஞ்சிருது, எந்த மூவை மாத்தணும்னு கேட்டிருக்கீங்க.

மூவ் அப்புறம் பார்ப்போம் ப்ரோ. இங்க மாத்த வேண்டியது ஆளுங்களை.

ஒரே டைப் டீம்ல எல்லாரும் மறக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த பொது டைப் உங்க கையில இல்ல, வாட்டர்னு முடிவு பண்ண நிமிஷமே ஆறு பேருக்கும் அது ஒட்டிக்கிச்சு, அதோட எலக்ட்ரிக் கிராஸ் ரெண்டு வீக்னஸும் சேர்ந்தே வந்துருச்சு. மோனோடைப் ரூல்ல டெராஸ்டலும் கிடையாது, அதனால பாதி ஆட்டத்துல டைப்பை மாத்தி தப்பிக்கவும் முடியாது. மிச்சம் உங்க கையில இருக்கிறது ரெண்டே ரெண்டு, ஒவ்வொருத்தரோட ரெண்டாவது டைப், அப்புறம் அபிலிட்டி, அதாவது பிறவித் திறமை. வாட்டர் டீம் கட்டுறதுன்னா உண்மையில இந்த ரெண்டையும் வச்சு கட்டுறதுதான். நீங்க ஆறு நல்ல வாட்டர் போக்கிமானை எடுத்திருக்கீங்க, தனித்தனியா பார்த்தா யாரையும் மோசம்னு சொல்ல முடியாது, ஆனா சேர்த்து வச்சா ஆறு பேரும் ஓப்பனிங் பேட்ஸ்மேன், பௌலிங் போட ஆளே இல்ல.

கணக்கு போட்டுப் பாருங்க. எலக்ட்ரிக் அடி விழுந்தா கியாரடாஸுக்கு 4 மடங்கு, மீதி அஞ்சு பேருக்கும் 2 மடங்கு. அதாவது டீம்ல ஒருத்தர்கூட எலக்ட்ரிக்கை சாதாரணமாக்கூட வாங்க முடியாது. கிராஸ் அடி விழுந்தா கியாரடாஸ் மட்டும் சாதாரணமா வாங்கும், மீதி அஞ்சு பேருக்கும் 2 மடங்கு. எதிராளி ஒரு தண்டர்போல்ட்டை கண்ணை மூடிக்கிட்டு அமுக்கினாலே போதும், நீங்க யாரை மாத்தி விட்டாலும் அவருக்கு லாபம்தான். இந்த நிலைமைல வேப்போரியனுக்கு ஐஸ் பீம் குடுத்தாலும் ஷேடோ பால் குடுத்தாலும் ஒண்ணும் மாறாது, ஏன்னா அது அடிக்கிறதுக்கு முன்னாடி அடி வாங்கணும், வாங்கினா தாங்காது.

இப்ப ரெண்டாவது டைப் என்னென்ன செய்யும்னு பாருங்க. வாட்டரோட கிரவுண்ட் சேர்ந்தா எலக்ட்ரிக் முழுசா செல்லாது, ஆனா கிராஸ் 4 மடங்கு ஆகும். பாய்சன் சேர்ந்தா கிராஸ் சாதாரணம் ஆகும், எலக்ட்ரிக் 2 மடங்காவே இருக்கும். ஃபிளையிங் சேர்ந்தா கிராஸ் சாதாரணம், எலக்ட்ரிக் 4. ஸ்டீலோ ஃபயரோ சேர்ந்தாலும் கிராஸ் சாதாரணம்தான், எம்போலியனும் வால்கேனியனும் அந்த வகை. டிராகனோ கிராஸோ சேர்ந்தா ரெண்டு வீக்னஸுமே போயிடும், கிங்ட்ராவும் லூடிகோலோவும் வெல்ஸ்ப்ரிங் ஓகர்பானும் அதனாலதான் வாட்டர் டீம்ல இவ்வளவு மதிக்கப்படுறாங்க. ஐஸ் சேர்ந்தா மட்டும் நஷ்டம், ரெண்டு வீக்னஸும் அப்படியே இருக்க ஃபைட்டிங்கும் ராக்கும் புதுசா சேரும், வாட்டருக்கு இருந்த ஃபயர் ஸ்டீல் தாங்குற சக்தியும் போயிடும். உங்க லாப்ரஸ் அந்த வகை.

இதை வச்சு பார்த்தா முதல் ஆள் யாருன்னு தானா தெரியும். ஸ்வாம்பர்ட். வாட்டர் கிரவுண்ட், 100 ஹெச்பி (உயிர் அளவு), 110 அட்டாக், ரெண்டு டிஃபென்ஸும் 90, எதிராளி ஆள் உள்ள வரும்போதெல்லாம் குத்துற ஸ்டெல்த் ராக் போடும், எர்த்குவேக் அடிக்கும், ஃபிளிப் டர்ன்ல அடிச்சிட்டே வெளிய வரும், நாலாவதா ஐஸ் பீமோ, எதிராளியை வெளிய துரத்துற ரோரோ வச்சுக்கலாம். ஐட்டம் லெஃப்ட்ஓவர்ஸ், டர்னுக்கு கொஞ்சம் ஹெச்பி திரும்பும். ஈவி, அதாவது ஸ்டாட்டை ஏத்துற பயிற்சிப் புள்ளி, ஹெச்பில 252, டிஃபென்ஸ்ல 252.

ஸ்வாம்பர்ட்டோட மதிப்பு எலக்ட்ரிக் அடியை வாங்காததோட நிக்கல, வோல்ட் ஸ்விட்ச்சை அடைக்குது பாருங்க, அதுதான் பெருசு. எலக்ட்ரிக் டீம் ஆடுறவங்க பாதி நேரம் வோல்ட் ஸ்விட்ச்சைத்தான் அமுக்குவாங்க, அடிச்சிட்டு அப்படியே வெளிய போய், உங்க ஆளுக்கு ஏத்த ஆளை கொண்டு வந்து நிறுத்துவாங்க, அப்படியே சுத்தி சுத்தி உங்களை தேய்ச்சிருவாங்க. எதிர்ல கிரவுண்ட் டைப் நின்னா வோல்ட் ஸ்விட்ச் செல்லாது, செல்லாம போனா அடிச்சவர் வெளியவும் போக முடியாது, அங்கேயே மாட்டிக்கிட்டு எர்த்குவேக் வாங்கணும். இந்த பயம் அவருக்கு இருக்கிற வரைக்கும் அவர் வோல்ட் ஸ்விட்ச்சை இஷ்டத்துக்கு அமுக்க மாட்டார், ஸ்வாம்பர்ட் வெளிய உக்காந்திருந்தாக்கூட அவர் கை தயங்கும். அதனால எலக்ட்ரிக் மேட்ச்ல ஸ்வாம்பர்ட்டை அவசரப்பட்டு பலி குடுக்காதீங்க, அது உயிரோட இருக்கிறதே பாதி வேலை.

ஸ்வாம்பர்ட்டுக்கு பதிலா காஸ்ட்ரோடானும் குவாக்சயரும் இருக்காங்க. காஸ்ட்ரோடான்கிட்ட ஸ்டார்ம் டிரெய்ன் இருக்கு, வாட்டர் அடியையும் குடிச்சிடும், பாதி ஹெச்பி திரும்ப தர்ற ரெகவரும் உண்டு, எதிர்லயும் வாட்டர் டீம் அடிக்கடி வர்ற இடத்துல அது நல்லது. குவாக்சயர் அன்அவேர் வச்சு எதிராளி ஏத்தின பூஸ்ட்டை கண்டுக்காது. எனக்கு ஸ்வாம்பர்ட்தான் பிடிக்கும், ஏன்னா மத்த ரெண்டுக்கும் அடி பலம் கம்மி, உங்க மாதிரி அடிச்சு ஆடுறவருக்கு ஃபிளிப் டர்ன் இருக்கிற ஆள்தான் ஒத்து வரும். மூணுல யாரை எடுத்தாலும் கிராஸ் 4 மடங்கு, அதை மறக்காதீங்க.

அந்த கிராஸை யார் வாங்குறது? டாக்ஸபெக்ஸ். வாட்டர் பாய்சன், டிஃபென்ஸ் 152, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 142, ரீஜெனரேட்டர் இருக்கிறதால வெளிய போனாலே மூணுல ஒரு பங்கு ஹெச்பி திரும்ப வரும். ரெகவர், ஹேஸ், விஷம் ஏத்துற டாக்சிக், அப்புறம் தரையில விஷ முள்ளு போடுற டாக்சிக் ஸ்பைக்ஸோ சர்ஃபோ. பாய்சன் டைப் போடுற டாக்சிக் தவறாது, ஹேஸ் எதிராளி ஏத்தினது எல்லாத்தையும் துடைச்சிடும். ஒரு எச்சரிக்கை, இந்த தலைமுறைல ரெகவருக்கு பிபி, அதாவது எத்தனை தடவை போடலாம்ங்கிற கணக்கு, குறைச்சிட்டாங்க, அடிப்படை 5, முழுசா ஏத்தினாலும் 8 தடவைதான், அதனால கொஞ்சம் அடி விழுந்த உடனே ரெகவர் அமுக்குற பழக்கம் வேண்டாம், ரீஜெனரேட்டரை நம்பி உள்ள வெளிய போய் வந்துக்கிட்டே இருங்க.

கிராஸ் டீம்னு வந்தா டாக்ஸபெக்ஸ் எல்லாத்தையும் தாங்கிடும்னு நினைச்சிடாதீங்க. கிராஸ் டைப் ரில்லாபூம் வந்த உடனே கிராஸி டெர்ரெய்ன்ங்கிற புல்தரை விரியும், கிராஸி கிளைட் முந்திக்கிட்டு விழும், அதெல்லாம் டாக்ஸபெக்ஸுக்கு சாதாரண அடிதான். ஆனா நிறைய பேர் ரில்லாபூமுக்கு ஹை ஹார்ஸ்பவர்ங்கிற கிரவுண்ட் மூவ் வச்சிருப்பாங்க. கிராஸி டெர்ரெய்ன்ல எர்த்குவேக் பாதி ஆயிடும், ஹை ஹார்ஸ்பவருக்கு அந்த தடை இல்ல, டாக்ஸபெக்ஸுக்கு கிரவுண்ட் 2 மடங்கு. அதனால ரில்லாபூம் முன்னாடி முதல்ல யாரை கொண்டு வர்றதுன்னா கியாரடாஸ், அதுக்கு கிரவுண்ட் செல்லாது, எதிராளியோட அட்டாக்கை இறக்குற இன்டிமிடேட்டும் விழும். அவர் கிராஸ் மூவ்தான் அமுக்கிறார்னு தெரிஞ்சா டாக்ஸபெக்ஸ், ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி ஆடணும். கிராஸ் டீம்ல வெனுசோரோ அமூங்கஸோ இருந்தா டாக்சிக் ஸ்பைக்ஸ் போட்டு டர்னை வீணாக்காதீங்க, தரையில நிக்கிற பாய்சன் டைப் உள்ள வந்த உடனே அதை உறிஞ்சி எடுத்துரும்.

இன்னொரு கிராஸ் ஆள் மியாஸ்கராடா வந்தா கதை வேற. அதோட ஃபிளவர் ட்ரிக் தவறவும் தவறாது, எப்பவும் கிரிட்டிக்கலாத்தான் விழும், கிரிட்டிக்கல் அடி இன்டிமிடேட்ல இறங்கின அட்டாக்கை கணக்குலயே எடுக்காது. நிறைய வாட்டர் டீம் ஆளுங்க கியாரடாஸை விட்டு அட்டாக்கை இறக்கிட்டோம்னு நிம்மதியா இருப்பாங்க, ஃபிளவர் ட்ரிக் அதே பலத்தோட வந்து விழும். அங்க டாக்ஸபெக்ஸ்தான்.

கியாரடாஸை வச்சுக்குங்க, ஆனா நீங்க குடுத்திருக்கிற செட் வேண்டாம். வாட்டர்ஃபால், ஹைட்ரோ பம்ப், டிராகன் டான்ஸ், கிரன்ச்னு போட்டிருக்கீங்க. கியாரடாஸோட அட்டாக் 125, ஸ்பெஷல் அட்டாக் 60. ஹைட்ரோ பம்ப் 110 பவர்னு பெருசா தெரியும், ஆனா 60 மேல நின்னு அடிக்கிற 110-ஐ விட 125 மேல நின்னு அடிக்கிற 80 பவர் வாட்டர்ஃபால் எவ்வளவோ மேல், அதுவும் டிராகன் டான்ஸ் அட்டாக்கையும் ஸ்பீடையும்தான் ஏத்தும், ஹைட்ரோ பம்ப்புக்கு ஒரு துளி உதவாது, தவறவும் தவறும். டிராகன் டான்ஸ், வாட்டர்ஃபால், எர்த்குவேக், ஐஸ் ஃபாங்னு மாத்துங்க. ஐஸ் ஃபாங் கிராஸுக்கும் டிராகனுக்கும். ஐட்டம் கண்டிப்பா ஹெவி டியூட்டி பூட்ஸ், தரையில கிடக்கிற எதுவும் குத்தாது, ஏன்னா ஃபிளையிங் இருக்கிறதால ஸ்டெல்த் ராக் ஒவ்வொரு தடவை உள்ள வரும்போதும் கால்வாசி ஹெச்பியை எடுத்துரும், இன்டிமிடேட்டுக்காக நாலு தடவை உள்ள வெளிய போய் வரவேண்டிய ஆளுக்கு அது கட்டுப்படியாகாது.

அப்புறம் ஈவி. ஆறு பேருக்கும் ஒவ்வொரு ஸ்டாட்லயும் 85 சமமா பிரிச்சு போட்டிருக்கீங்க, மொத்தம் 510 சரியா வருது, பார்க்க நியாயமாவும் இருக்கு. ஆனா 4 ஈவிக்கு 1 பாயிண்ட்தான், 85-ங்கிறது ஒவ்வொண்ணுலயும் 21 பாயிண்ட், யாரும் எதுலயும் தேற மாட்டாங்க. கியாரடாஸையே எடுங்க, நீங்க வச்சிருக்கிறபடி லெவல் 100-ல ஸ்பீடு 219. 252 போட்டா அட்டாக்கை ஏத்துற அடமன்ட் நேச்சர்லயே 261, ஒரு டிராகன் டான்ஸ் போட்டா 391. முழு ஸ்பீடு மியாஸ்கராடா 379, கிரெனிஞ்சா 377, ரெண்டையும் முந்திடுறீங்க. ஸ்பீடை ஏத்துற ஜாலி நேச்சர்னா 287, டான்ஸுக்கு அப்புறம் 430, இது டிராகாபல்ட்டோட 421-ஐயும் தாண்டிடும். டிராகன் டீமும் கோஸ்ட் டீமும் நிறைய வந்தா ஜாலி, இல்லைன்னா அடமன்ட், அந்த கூடுதல் பலம் அடிக்கும்போது தெரியும். அட்டாக் 252, ஸ்பீடு 252, மிச்சத்தை ஹெச்பில போட்டுடுங்க. இந்த மாதிரி யாரை முந்தணும்னு முடிவு பண்ணிட்டு ஸ்பீடு ஈவி போடுங்க, மத்த ஆளுங்களுக்கும் இதே வழிதான்.

கிரெனிஞ்சாவும் இருக்கட்டும். ஆனா அதை நீங்க வெறும் அடிக்கிற ஆளா மட்டும் பார்க்கிறீங்க, அடிக்கிற மூவோட டைப்பாவே மாற வைக்கிற அதோட அபிலிட்டி ப்ரோட்டியன் வாட்டர் டீமுக்கு தற்காப்புக்கும் உதவும். இந்த தலைமுறைல உள்ள வந்ததுக்கு ஒரு தடவைதான் டைப் மாறும், நிறைய பேர் இதனால கிரெனிஞ்சா வீக்காயிடுச்சுன்னு விட்டுட்டாங்க. ஆனா யோசிங்க, உள்ள வந்து முதல்ல ஐஸ் பீம் அடிச்சா அது ஐஸ் டைப் ஆயிடும், வெளிய போற வரைக்கும் ஐஸ்தான், எலக்ட்ரிக்கும் கிராஸும் அதுக்கு இனிமே சாதாரண அடி. கிராஸ் நாட் அடிச்சா கிராஸ் டைப் ஆயிடும், எலக்ட்ரிக், கிராஸ், வாட்டர் மூணும் பாதிதான் விழும். ஒரே டைப் டீம்ல இருந்துக்கிட்டே அந்த டைப்பை கழட்டி வைக்கிற ஆள் அது ஒண்ணுதான் உங்ககிட்ட இருக்கு. அதனால முதல் அடி எதுன்னு தேர்ந்தெடுக்கிறது சும்மா டேமேஜ் கணக்கு இல்ல, அடுத்த டர்ன்ல என்ன அடி வரப்போகுதுன்னும் சேர்த்து பார்த்து அமுக்குங்க. ஹைட்ரோ பம்ப், ஐஸ் பீம், கிராஸ் நாட், நாலாவது கன்க் ஷாட் வச்சா ஃபேரிக்கும் கிராஸுக்கும் ஆச்சு, ஸ்பைக்ஸ் வச்சா எல்லா மேட்ச்லயும் கொஞ்சம் கொஞ்சம் உதவும். ஐட்டம், அடி பலத்தை கூட்டுற லைஃப் ஆர்ப். சாய்ஸ் ஐட்டம் குடுத்து ஒரே மூவ்ல பூட்டிடாதீங்க, அதோட அழகே போயிடும்.

அஞ்சாவது அசுமரில். வாட்டர் ஃபேரி, ஃபேரி எலக்ட்ரிக்குக்கும் கிராஸுக்கும் எந்த உதவியும் பண்ணாது, அப்புறம் ஏன் சொல்றேன்னா டிராகன் டீம். வாட்டர் அடியை தாங்குற டைப் மூணு, வாட்டர், கிராஸ், டிராகன். டிராகன் டீம் எதிர்ல வந்தா உங்க வாட்டர் அடி எல்லாம் பாதிதான் விழும், அங்க டிராகன் அடியே செல்லாத ஒருத்தர் ப்ளே ரஃப்போட நின்னா ஆட்டம் மாறிடும். ஹியூஜ் பவர் அட்டாக்கை ரெண்டு மடங்காக்கும், பெல்லி டிரம் அடிச்சா அட்டாக் உச்சத்துக்கு போயிடும், அக்வா ஜெட் முந்திக்கிட்டு விழும். அடமன்ட், அட்டாக் 252, பெல்லி டிரம்முக்கு அப்புறம் கணக்குப்படி 1744 வரும், யாரும் சாதாரணமா நிக்க முடியாது.

இதுல ஒரு சின்ன விஷயம், தெரியாம விட்டா செட்டே வேலை செய்யாது. பெல்லி டிரம் பாதி ஹெச்பியை எடுக்கும், கையில குடுக்கிற சிட்ரஸ் பெர்ரி கால்வாசி ஹெச்பியை திரும்ப தரும், ஆனா ஹெச்பி பாதியோ பாதிக்கு கீழயோ வந்தாத்தான் வேலை செய்யும். ஹெச்பி ஒற்றைப்படையா இருந்தா டிரம்முக்கு அப்புறம் பாதிக்கு அரை பாயிண்ட் மேல நிக்கும், பெர்ரி அப்படியே கையில இருக்கும். அசுமரில்லுக்கு ஹெச்பி ஈவி எதுவும் போடலன்னா 341, ஒற்றை. 252 போட்டா 404, டிரம்முக்கு அப்புறம் 202, பெர்ரி 101 குடுத்து 303-க்கு வந்துரும். அதனால ஹெச்பி 252, அட்டாக் 252, மீதி 4 ஸ்பீடுல.

அசுமரில்லுக்கு சாப் சிப்பர்னு இன்னொரு அபிலிட்டியும் உண்டு, கிராஸ் மூவ் எதுவுமே செல்லாது, லீச் சீட் உட்பட, விழுந்தா அட்டாக் ஒரு படி ஏறும். ஸ்வாம்பர்ட்டை நோக்கி வர்ற கிராஸ் அடில அதை கொண்டு வந்து நிறுத்துறது ரொம்ப ஆசையா இருக்கும். ஆனா பலத்தை பாருங்க, ஹியூஜ் பவர்ல எதுவும் ஏத்தாமலே 436, சாப் சிப்பர் ஒரு தடவை வேலை செஞ்ச பிறகும் 327-தான். கிராஸ் அல்லாத எல்லா மேட்ச்லயும் சாப் சிப்பர் அசுமரில் சும்மா நிக்கும். டாக்ஸபெக்ஸும் கியாரடாஸும் இருக்கும்போது எனக்கு ஹியூஜ் பவர்தான் சரின்னு படுது. நீங்க ஆடுற நேரத்துல கிராஸ் டீமாவே வந்துக்கிட்டிருந்தா மாத்திப் பாருங்க, தப்பில்ல.

ஆறாவது இடத்துக்கு ரோட்டம் வாஷ். வாட்டர் எலக்ட்ரிக், லெவிடேட் இருக்கிறதால கிரவுண்டும் செல்லாது, அதுக்கு இருக்கிற ஒரே வீக்னஸ் கிராஸ். எலக்ட்ரிக் அடி சாதாரணமாத்தான் விழும், பாரலிசிஸும் வராது. வோல்ட் ஸ்விட்ச், ஹைட்ரோ பம்ப், எதிராளியை எரிய வைக்கிற வில் ஓ விஸ்ப், ஹெச்பியை சமமா பிரிக்கிற பெயின் ஸ்பிளிட். எதிர்லயும் வாட்டர் டீம் வந்தா உங்க ஆளுங்களோட வாட்டர் அடி எல்லாம் பாதிதான், ரோட்டமோட எலக்ட்ரிக் அடி 2 மடங்கு விழும், ஃபிளையிங் டீமுக்கும் அதே. பூட்ஸோ லெஃப்ட்ஓவர்ஸோ எதுவானாலும் சரி.

இதே இடத்துல வேப்போரியனை வச்சுக்கணும்னு ஆசை இருந்தா நான் தடுக்க மாட்டேன், ஆனா நாலு அடி மூவ் குடுக்காதீங்க. 130 ஹெச்பி இருக்கிற ஆளை, அடுத்த டர்ன்ல நிக்கிறவரை குணப்படுத்துற விஷ் போட வைக்கணும். ஹெச்பி 252 போட்டா 464, அதோட விஷ் 232 குணப்படுத்தும், ஸ்வாம்பர்ட்டுக்கும் அசுமரில்லுக்கும் அது பாதிக்கு மேல. விஷ், ப்ரொடெக்ட், ஃபிளிப் டர்ன், ஒரு வாட்டர் மூவ். மெதுவா ஃபிளிப் டர்ன்ல வெளிய போனா அடி வாங்காம அடுத்த ஆள் உள்ள வந்து விஷ்ஷை வாங்கிக்கும். ஆனா அப்ப எலக்ட்ரிக் மேட்ச்ல பழையபடி ஸ்வாம்பர்ட் ஒருத்தர் தலையில எல்லா பாரமும் விழும், அதை யோசிச்சுக்குங்க.

மீதி மூணு பேர் வெளிய போறாங்க. லாப்ரஸ்கிட்ட ஃபிரீஸ் ட்ரை இருக்கு, அது வாட்டர் டைப்பையும் 2 மடங்கு அடிக்கும், அதை வைக்க அதுக்குன்னு ஒரு நியாயம் இருக்கு, ஆனா அந்த வேலையை இப்ப ரோட்டம் பார்க்குது. பிளாஸ்டாய்ஸ் ரேப்பிட் ஸ்பின்னால தரையை நல்லா சுத்தம் பண்ற ஆள், ஆனா உங்க செட்ல ரேப்பிட் ஸ்பின்னே இல்ல. தரையில விழுற ராக், ஸ்பைக்ஸ் எல்லாம் ரொம்ப தொல்லையா இருந்தா பிளாஸ்டாய்ஸை விட டென்டாக்ரூயல் எடுங்க, வாட்டர் பாய்சன், கிராஸ் சாதாரணம், ரேப்பிட் ஸ்பின்னும் இருக்கு, ஸ்பீடும் 100. டாக்ஸபெக்ஸ் இடத்துல வைக்கலாம், தாங்குறது குறையும், சுத்தம் பண்றது கூடும்.

பாராஸ்க்யூடா பத்தி கொஞ்சம் சொல்லணும். அதோட ஸ்விஃப்ட் ஸ்விம் மழையிலதான் ஸ்பீடை ரெண்டு மடங்காக்கும், உங்க டீம்ல மழை கொண்டு வர ஆளே இல்ல, அபிலிட்டி இல்லாம ஆடுற மாதிரி. பெலிப்பரை சேர்த்து மழை டீமா மாத்தலாமான்னு கேட்பீங்க. மாத்தலாம், அதோட டிரிஸில் 5 டர்ன் மழை தரும், வாட்டர் அடி ஒன்றரை மடங்கு, பாராஸ்க்யூடாவை சாதாரணமா யாரும் முந்தவே முடியாது, கிங்ட்ராவும் பாஸ்க்யூலீஜியனும் கூட வந்தா அடி மழைதான். ஆனா அது வேற டீம், பாதி மழை பாதி இதுன்னு கலக்கினா ரெண்டும் வேலைக்காகாது. அதோட உங்க பிரச்சினை எலக்ட்ரிக்னு மறக்காதீங்க, பெலிப்பர் வாட்டர் ஃபிளையிங், 4 மடங்கு, மழை பெய்யும்போது 70 சதவீதம் குறி இருக்கிற தண்டர் தவறாம விழும். நீங்க கொண்டு வந்த மழையில எதிராளி தண்டர் அடிச்சு ஜெயிப்பார். மழை டீம் ஆடினாலும் அதுக்குள்ள ஒரு ஸ்வாம்பர்ட் இருந்தே ஆகணும்.

இப்ப எப்படி ஆடுறதுன்னு. மோனோடைப்ல ஒரு வசதி, டீம் ப்ரீவியூல எதிராளியோட ஆறு பேரை பார்த்த உடனே அவர் டைப் தெரிஞ்சிடும். முதல் டர்னுக்கு முன்னாடியே இந்த மேட்ச்ல என் ஆறு பேர்ல யார் முக்கியம், யாரை விட்டுக் குடுக்கலாம்னு முடிவு பண்ணிடுங்க. எல்லாரையும் காப்பாத்தணும்னு நினைச்சா எல்லாரும் பாதி ஹெச்பில நிப்பாங்க.

எலக்ட்ரிக் டீம்னா ஸ்வாம்பர்ட்டும் ரோட்டமும் முக்கியம், கியாரடாஸ் கடைசி வரைக்கும் உள்ள வரக்கூடாது. முதல்ல ப்ரீவியூல ரோட்டம் மோ இருக்கான்னு பாருங்க, எலக்ட்ரிக் கிராஸ், லீஃப் ஸ்டார்ம் ஒண்ணு விழுந்தா ஸ்வாம்பர்ட் காலி, அதுக்கு எர்த்குவேக்கும் செல்லாது. அது இருந்தா உங்க முதல் வேலை அதை தீர்க்கிறதுதான், லீஃப் ஸ்டார்ம் அடிச்ச உடனே அதோட ஸ்பெஷல் அட்டாக் ரெண்டு படி இறங்கிடும், அந்த நேரத்துல கிரெனிஞ்சாவோட ஐஸ் பீமை வச்சு முடிங்க. ஸாப்டாஸுக்கும் எர்த்குவேக் செல்லாது, ஸ்டெல்த் ராக் கால்வாசி எடுக்கும், ஐஸ் பீம் 2 மடங்கு, அதுக்குத்தான் ஸ்வாம்பர்ட்டுக்கு ஐஸ் பீமை சொன்னேன். ஸாப்டாஸ் மேல ஃபிளிப் டர்ன் அடிக்கும்போது பாருங்க, தொட்டு அடிக்கிற மூவ், ஸ்டாட்டிக் 30 சதவீதம் பாரலிசிஸ் குடுத்துரும், கிரவுண்ட் டைப்பா இருந்தாலும் ஸ்டாட்டிக் விடாது. ரேஜிங் போல்ட் இருந்தா அசுமரில்லோட டிரம் கனவை விட்டுருங்க, அக்வா ஜெட்டும் தண்டர்கிளாப்பும் ஒரே முன்னுரிமை, ரேஜிங் போல்ட்டோட ஸ்பீடு 75, அசுமரில் 50, அது முந்திடும். தண்டர்கிளாப் நீங்க அடிக்கிற மூவ் அமுக்கினாத்தான் செல்லும், அதனால ஸ்வாம்பர்ட்டுக்கு மாத்திடுறதுதான் நிம்மதி.

கிராஸ் டீம்னா ஸ்வாம்பர்ட்டோட வேலை ஒரு ஸ்டெல்த் ராக், அவ்வளவுதான், அதுக்கப்புறம் போனா போகட்டும். ரோட்டம் வில் ஓ விஸ்ப் ஒண்ணு ரில்லாபூம் மேல பட்டா அதோட அட்டாக் பாதி ஆயிடும், அதை முடிச்சா அதுவே பெரிய உபகாரம். மீதி ஆட்டம் டாக்ஸபெக்ஸ், கியாரடாஸ், கிரெனிஞ்சா மூணு பேர் கையில. டாக்ஸபெக்ஸால தேய்ச்சு, கிரெனிஞ்சா ஐஸ் பீமால ஓட்டை போட்டு, முந்தி அடிக்கிற ஆள் போன பிறகு கியாரடாஸை கொண்டு வந்து ஒரே ஒரு டான்ஸ். ரெண்டாவது டான்ஸுக்கு ஆசைப்படாதீங்க, கிராஸி கிளைட் இருக்கிற வரைக்கும் உங்க ஸ்பீடு எவ்வளவு ஏறினாலும் அது முந்தித்தான் விழும்.

இவ்வளவு மாத்தினாலும் கிராஸ் மேட்ச் உங்களுக்கு சாதகமா ஆகிடாது, கஷ்டமான மேட்ச் ஆகும், ஆனா ஆடக்கூடிய மேட்ச் ஆகும். எலக்ட்ரிக் மேட்ச்ல ஸ்வாம்பர்ட்டை பத்திரமா வச்சிருந்தா உங்க பக்கமே சாயும். முதல்ல ரோட்டத்தோட ஒரு வாரம் ஆடிப் பாருங்க, அதுக்கப்புறமும் கிராஸ்கிட்டயே தோத்துக்கிட்டிருந்தா ரோட்டத்தை எடுத்துட்டு வெல்ஸ்ப்ரிங் ஓகர்பானை போடுங்க, கிராஸும் எலக்ட்ரிக்கும் ரெண்டுமே அதுக்கு சாதாரணம், வாட்டர் அப்ஸார்ப் இருக்கு, ஸ்பீடு 110. போட்டுட்டு தோத்த மேட்ச் ஒண்ணு ரெண்டோட ரீப்ளேயை அனுப்புங்க, எந்த டர்ன்ல எந்த ஆளை உள்ள விட்டிருக்கணும்னு பார்த்துச் சொல்றேன்.